ஞாயிறு எப்போது முடிகிறது

உங்கள் பயணம் இனிமையாக அமைந்ததா என்று கேட்டு ஒரு செய்தி வந்தது. பாடாலூர் தாண்டி வண்டி அப்போதுதான் வேகம் பிடித்திருந்தது. ஜன்னல் கண்ணாடி தடதடத்தது, முன் இருக்கையில் யாரோ ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்கள், நான் அந்தக் கேள்வியை இந்தப் பேருந்தைப் பற்றியது என்று எடுத்துக்கொண்டு, பரவாயில்லையே, நம் போக்குவரத்துக் கழகத்திலும் இதையெல்லாம் கேட்க ஆரம்பித்துவிட்டார்களே என்று நினைத்தேன். இனிமையாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பொங்கல் முடிந்து சென்னைக்குத் திரும்புகிற கூட்டம், அதிலும் எனக்கு ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது, மடியில் பை, பைக்குள் என் பேத்தி ஆதிரைக்கு என் மனைவி லோகா தைத்துக் கொடுத்த கவுன். இன்று ராத்திரி சென்னையில் விமானம் ஏறினால் விடிவதற்குள் மும்பை. நாளை மத்தியானம் வரைக்கும் ஆதிரையோடு இருப்பேன். மத்தியானத்துக்குப் பிறகு அவளை அவள் அப்பா கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு என்ன என்பதை நான் நினைப்பதில்லை, அந்த இடம் வரும்போதெல்லாம் மனம் வண்டியைத் திருப்பிக்கொண்டு நாளைக் காலைக்கே வந்து நின்றுவிடும். நாளைக் காலை அவள் கதவைத் திறப்பாள். பல் விழுந்திருக்கும். இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் செய்தியின் மீதிப் பாதியைப் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் எனக்குப் புரிவதற்கு முன்னாலேயே விரல் அந்தச் செய்தியை மறுபடி திறந்துவிட்டது. சென்னையிலிருந்து மும்பைக்கு நீங்கள் மேற்கொண்ட பயணம் என்று இருந்தது. மேற்கொண்ட. நான் இன்னும் மேற்கொள்ளவில்லையே. கீழே ஐந்து நட்சத்திரங்கள் உள்ளே ஒன்றுமில்லாமல் வரிசையாக இருந்தன, நான் தொட்டு நிரப்புவதற்காக.

டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு, 00:40. அதே ஞாயிறு, அதே 00:40, நான் எத்தனை முறை பார்த்து எத்தனை முறை திருப்தியடைந்த அந்த எழுத்துகள். இன்று ஞாயிறு. இன்று ராத்திரி பன்னிரண்டு நாற்பது. சரிதானே? சரியாகத்தான் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் சரியாகவே இருந்தது, பிறகு ஏதோ ஒரு கணத்தில் அது புரண்டு படுத்தது. 00:40 என்றால் அந்த நாள் பிறந்து நாற்பது நிமிடம். ஞாயிறு பிறந்து நாற்பது நிமிடம் ஆனபோது நான் திருச்சியில் என் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். விமானம் போய்விட்டது. மும்பையில் இறங்கி, துடைத்துப் பெருக்கி, வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு வேறு எங்கேயோ போயிருக்கும். இந்தத் தப்பை வேறு யார் செய்திருந்தாலும் நான் சிரித்திருப்பேன். நான் டைம் கீப்பர். வயது ஐம்பத்தேழு, பாதி ஆயுள் திருச்சி பேருந்து நிலையத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வந்தது எப்போது போனது என்று எழுதியே போயிருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அதனால்தான் இப்படி ஆயிற்று. எங்கள் கணக்கில் நள்ளிரவுக்குத் தேதி மாறாது. ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்குக் கிளம்பும் வண்டி முந்தின நாளின் வண்டி, அதன் டிரைவரும் கண்டக்டரும் முந்தின நாள் டூட்டிக்காரர்கள், விடியற்காலை முதல் டவுன் பஸ் நகரும்போதுதான் எங்களுக்கு அடுத்த நாள். வீட்டில் மட்டும் என்ன, எழுந்து முகம் கழுவிய பிறகுதானே காலண்டரில் தாளைக் கிழிக்கிறோம், தூக்கத்தின் நடுவில் யார் எழுந்து கிழிக்கிறார்கள். ஞாயிறு ராத்திரி என்பது ஞாயிற்றின் வால். அதைத் திங்கட்கிழமையின் தலை என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? மும்பையில் சொல்கிறார்கள் போலிருக்கிறது, டிக்கெட் போட்ட செயலியைச் செய்தவர்கள் சொல்கிறார்கள், உலகம் முழுக்கச் சொல்கிறது, நான் ஒருவன்தான் கூண்டுக்குள் வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டிருந்தேன்.

பெரம்பலூரில் ஒருவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும், வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை, உட்கார்ந்ததுமே வெங்காய வாசனை வந்தது. சின்ன வெங்காயம் மொத்த வியாபாரம் என்று கேட்காமலேயே சொன்னார். என் முகத்தில் என்ன இருந்ததோ, "என்ன சார், வீட்ல எதுவும் விசேஷம் இல்லியே?" என்றார். துக்கத்தை விசேஷம் என்று கேட்கிற அந்த மரியாதையில் நான் உடைந்து, டிக்கெட்டை அவரிடமே காட்டிவிட்டேன். தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்து, மறுபடி தள்ளிப் பிடித்துப் படித்தார். "ஞாயித்துக்கெழம ராத்திரி. இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானே? இன்னிக்கு ராத்திரி ஏறுங்க. இதுல என்ன சார்?" நான் விளக்கினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார், தப்பு செய்தவனைப் பார்ப்பது போல இல்லை, தப்பே செய்யாதவன் தான் செய்ததாக ஒப்புக்கொள்வதைப் பார்ப்பது போல. "அதெப்படி சார்? ராத்திரி சாப்ட்டதுக்கு அப்புறம் வர்ற மணிதானே அது? சாப்பாட்டுக்கு முன்னாடி ஞாயிறு, சாப்பாட்டுக்கு அப்புறம் திங்களா? நல்லாருக்கே கதை." ஒருத்தராவது என் பக்கம் இருக்கிறார் என்பது ஆறுதலாக இருக்க வேண்டும். எனக்கு அது பயமாக இருந்தது. அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதைக் கேட்டபோதுதான் நானும் அவ்வளவு உறுதியாக இருந்தது எவ்வளவு உதவாதது என்று தெரிந்தது. "வேற ஒண்ணு போடுங்க சார், ஏரோப்ளேன் என்ன ஒண்ணா ரெண்டா," என்று சொல்லிவிட்டு அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

போட்டேன். போட்டேன் என்று சொல்வது சுலபம். தொழுதூர் பக்கம் சிக்னல் வரும், போகும். இன்று மாலை, இன்று முன்னிரவு, எல்லாம் நிறைந்துவிட்டது, பண்டிகை முடிந்து ஊரே திரும்புகிறது. ஒன்றே ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு, ஒரே ஓர் இருக்கை என்று சிவப்பில் காட்டியது, அதை இப்போது பதினெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னது. முன்பெல்லாம் அது பொய் என்றுதான் நினைப்பேன், கடைக்காரன் இதுதான் சார் கடைசிப் பீஸ் என்பானே அது போல. இப்போது அந்தப் பதினெட்டுப் பேரையும் எனக்கு நேரில் தெரிந்தது, பதினெட்டுப் பேரின் விரல்களும் தெரிந்தன. விவரங்களைத் தட்டினேன். குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் திறக்காது என்றது, எனக்கு ஏது குடும்பப் பெயர், போன முறை போலவே அப்பா பெயரைப் போட்டேன். மருதமுத்து அங்கமுத்து. காப்பீடு வேண்டாம் என்றால், நிஜமாகவே வேண்டாமா என்றது. சாப்பாடு வேண்டாம். முன்வரிசை வேண்டாம். இந்த விலை இன்னும் சில நிமிடங்களுக்கே என்று ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்தது, வாழ்க்கையில் முதல் முறையாக நான் ஒரு கடிகாரத்தைப் பார்க்காமல் விரலை மட்டும் பார்த்துத் தட்டினேன். ரகசிய எண் வருவதற்குள் வண்டி ஒரு மேம்பாலத்தில் ஏறியது, சிக்னல் செத்தது, இறங்கியது, உயிர் வந்தது, எண் வந்தது, போட்டேன். சுழன்றது. ஒரு சின்ன வட்டம், தன் வாலைத் தானே துரத்திக்கொண்டு. பிறகு பச்சை நிறத்தில், பணம் பெறப்பட்டது. அப்பாடா என்று தலையைச் சாய்த்தேன். அடுத்த செய்தி வந்தது. வருந்துகிறோம், உங்கள் முன்பதிவை உறுதிசெய்ய இயலவில்லை, பணம் ஏழு முதல் பத்து வேலை நாட்களுக்குள் உங்கள் கணக்கில் சேரும். கணக்கில் மீதி இருந்ததெல்லாம் அதுதான். அதாவது இப்போது என்னிடம் டிக்கெட்டும் இல்லை, இன்னொரு டிக்கெட் வாங்க வழியும் இல்லை, பணம் எங்கேயோ நடுவானத்தில் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

அந்தச் செயலிக்காரர்களுடைய எண்ணைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஐந்தை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன், ஒருவர் இந்தியில் பேசினார். எனக்குத் தெரிந்த இந்தியில் தமிழ் என்று சொன்னேன். அவர் என்னை மிஸ்டர் அங்கமுத்து என்று அழைத்துக் காத்திருக்கச் சொன்னார். அங்கமுத்து என் அப்பா, செத்து இருபது வருஷம் ஆகிறது, அவர் காத்திருப்பார். பிறகு இசை ஆரம்பித்தது. ஏதோ கம்பி வாத்தியம், எட்டு சுரம் போய் ஒன்பதாவது வருவதற்குள் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, மறுபடி முதலிலிருந்து அதே எட்டு. அந்த ஒன்பதாவது என்னவாக இருக்கும் என்று காது ஒவ்வொரு முறையும் முன்னால் போய் நின்றது. லோகாவிடம் எப்படிச் சொல்வது? இப்போது சொல்லவும் முடியாது. வீட்டில் இருப்பது ஒரே ஃபோன், அது என் காதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய் இன்னும் திரும்பவில்லை. அவள் இந்நேரம் பாத்திரம் கழுவி முடித்து, அவர் விழுப்புரம் போயிருப்பார், திண்டிவனம் போயிருப்பார் என்று என்னைச் சுவர்க் கடிகாரத்தில் நகர்த்திக்கொண்டிருப்பாள். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் நீயும் வா என்று கேட்டேன். "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க. நான் வந்தா அவள விடமாட்டேன், அங்க ரகளையாயிடும்," என்றாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல். எங்கள் மகள் சுகந்தி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதபோது ஆதிரைக்குப் பல்லே முளைக்கவில்லை. அன்றிலிருந்து ஐந்து வயது முடியும்வரை எங்களோடு இருந்தாள். போன கோடையில் மாப்பிள்ளை சதீஷ் வந்து மும்பைக்குக் கூட்டிப்போனார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை, எவ்வளவோ தேடிப் பார்த்துவிட்டேன். இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார், அந்தப் பெண்ணும் நல்ல பெண், ஆதிரைக்கு ஜலதோஷம் என்றால் மருந்து என்ன கொடுக்கலாம் என்று லோகாவையே கேட்கிறாள். குழந்தை அவருடையது. இது எல்லாம் எனக்குத் தெரியும். கவுனுக்கு அளவு தெரியாமல் லோகா குத்துமதிப்பாகத் தைத்து, கீழே நாலு விரல் மடித்து உள்தையல் போட்டிருக்கிறாள், வளர வளரப் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்று. கனடாவில் யார் பிரித்து விடுவார்கள்?

உளுந்தூர்பேட்டை சுங்கச்சாவடியில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. இந்தத் தடத்து ஆட்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் கண்டக்டர் வந்து நின்று, "டைம் கீப்பர் சாரே வண்டில இருக்கீங்க, லேட்டுன்னு எழுதிடாதீங்க," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். காதில் எட்டு சுரம். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. ஆறு வயதில் எனக்கு நடந்தவற்றில் எனக்கு எது ஞாபகம் இருக்கிறது என்று தேடினேன். ஒரு கிணற்றடி, அதில் ஒரு பச்சை சோப்பு வழுக்கிக்கொண்டு போனது. அதை எடுத்துக் கொடுத்தவர் யார்? ஒரு கை தெரிகிறது, கைக்கு மேல் ஆள் இல்லை. அவ்வளவுதான், ஆறு வயதுக்கு முன்னால் என்னைத் தூக்கியவர்கள், ஊட்டியவர்கள், கூடவே படுத்துத் தூங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு கையும் ஒரு சோப்பும்தான். அப்படியென்றால் நான் அவளுக்கு என்னவாக மிஞ்சுவேன்? கூண்டில் என் மடியில் உட்கார்ந்து மைக்கைப் பார்த்து, கரூர் கரூர் என்று கத்துவாள், நான் பொத்தானை அமுக்கியிருக்க மாட்டேன், தன் குரல் நிலையம் முழுக்கக் கேட்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பாள். அதில் மைக் மிஞ்சலாம். நான் மிஞ்சுவேனா? நாளைக்கு ஒரு காலை இருந்தால், பெரிய பிள்ளையாக, ஆறு முடியப்போகிற பிள்ளையாக, அவள் என்னைப் பார்த்திருப்பாள். ஒரு மனிதன் என்னைப் பார்க்க ராத்திரியெல்லாம் வந்தான் என்று பெரியவளானதும் எங்கேயாவது நினைப்பாள். பொங்கலுக்கு முன்னால் ஃபோனில் பேசியபோது, "தாத்தா, ப்ளேனுக்கு யாரு டைம் கீப்பர்?" என்று கேட்டாள். "தெரியலியே பாப்பா, வந்து கேட்டுச் சொல்றேன்," என்றேன். "நான் ஜன்னல்லயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன், நீ வர்ற வரைக்கும்." அந்த ஜன்னல். அதை நான் பார்த்ததில்லை, ஆனால் அதில் அவள் உட்கார்ந்திருப்பதை இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரும்புக் கம்பி, கம்பியில் இரண்டு கை.

இன்னொன்றும் இருக்கிறது, அதை விழுப்புரம் வரைக்கும் தள்ளித் தள்ளி வந்தேன். வண்டி ஒரு மோட்டலில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், சிக்னல் போய்விடுமோ என்று நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன், வெறும் வண்டிக்குள் அது வந்து என் எதிரில் உட்கார்ந்துகொண்டது. இது நிஜமாகவே தவறிப்போனதா? டிக்கெட் எடுத்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். எடுப்பதற்கு முன்னால் பல நாள் தூங்காதவன், எடுத்த அன்று தூங்கினேன். நிம்மதி என்று நினைத்தேன். என்ன நிம்மதி? போகப்போகிறோம் என்ற நிம்மதியா, அல்லது உள்ளே யாரோ ஒருவன் அந்த 00:40ஐப் பார்த்து, தெரிந்துகொண்டு, சொல்லாமல் விட்டுவிட்டானா? மும்பைக்குப் போய் அவளைப் பார்த்தால் மத்தியானம் அவளை அனுப்ப வேண்டும். கையை ஆட்ட வேண்டும். கண்ணாடிக் கதவு மூடும், அவள் முதுகு தெரியும், முதுகும் தெரியாது. ஒரு வண்டி கிளம்பிப் போவதைப் பார்ப்பது எனக்குத் தொழில், ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன், ஆனால் அந்த ஒன்றைப் பார்க்காமல் இருக்க எனக்குள் இருப்பவன் இந்தத் தந்திரத்தைச் செய்தானா? இல்லை என்று சத்தியம் செய்யத் தோன்றுகிறது. யாரிடம்? நேற்று ராத்திரி அந்த விமான நிலையத்தில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஏறாத ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். மிஸ்டர் அங்கமுத்து, மிஸ்டர் அங்கமுத்து, கடைசி அழைப்பு. அவ்வளவு பெரிய கூடத்தில் என் அப்பா பெயர் மூன்று மொழியில் போய் எல்லா மூலையிலும் தேடியிருக்கும். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நான் அப்போது புரண்டு படுத்திருப்பேனா? அந்த நேரம் லோகா எழுந்து தண்ணீர் குடித்தது அரைத் தூக்கத்தில் கேட்டது, இல்லை, அது வேறு ராத்திரியாகக்கூட இருக்கலாம், இப்போது எல்லா ராத்திரியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

"வணக்கம் மிஸ்டர் அங்கமுத்து, உங்க பொறுமைக்கு நன்றி." திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் எட்டாவது சுரத்தில் இசை அறுந்து ஒரு பெண் பேசினாள். தமிழ். எங்கள் பக்கத்துத் தமிழ், 'நன்றி'யை இழுத்த விதத்தில் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன், 00:40, பேத்தி, கனடா, பணம், கவுனைக்கூடச் சொல்லியிருப்பேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது சார்," என்றாள். அந்த வாக்கியம் அவர்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தும் என் கண் நிறைந்தது. "நீ எந்த ஊரும்மா?" என்றேன். "சார், அதெல்லாம் நாங்க சொல்லக் கூடாது சார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "லால்குடி பக்கம் சார்," என்றாள். "அம்மாடி, எப்படியாவது அந்தப் பத்து மணி சீட்ட வாங்கிக் குடுத்துரும்மா." தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "பணம் வந்துருக்கு சார், ஆனா ஏர்லைன்ஸ் சைடுல சீட்டு ரிலீஸ் ஆகல. நான் அவங்க டெஸ்க்ல பேசிப் பாக்குறேன். சீட்டு இன்னும் இருக்குற மாதிரிதான் தெரியுது. லைன்லயே இருங்க சார், தயவுசெஞ்சு கட் பண்ணிராதீங்க. கட்டாயிட்டா ரிக்வெஸ்ட் தானா க்ளோஸ் ஆயிரும், மறுபடி முதல்லேர்ந்து வரணும்." "இல்லம்மா, கட் பண்ண மாட்டேன்." வெங்காயக்காரர் விழித்து, என்ன ஆயிற்று என்று புருவத்தால் கேட்டார். இருக்கிறது போலிருக்கிறது என்று நான் கையால் காட்டினேன். அவர் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

இசை வரவில்லை, வெறும் இரைச்சல், தூரத்தில் பல பேர் பேசுகிற சத்தம், அவள் மைக்கை மூட மறந்திருக்க வேண்டும். அந்த இரைச்சலில் எனக்கான இருக்கை எங்கேயோ இருக்கிறது என்று காதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போது காதுக்குள் டொக் டொக் என்றது. எடுத்துப் பார்த்தேன், இன்னொரு அழைப்பு. மாப்பிள்ளை சதீஷ். அந்த எண்ணிலிருந்து பகல் நேரத்தில் கூப்பிடுவது எப்போதும் ஆதிரைதான். இதை நிறுத்தி வைத்து அதை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது, முன்னே ஒரு முறை முயன்று இரண்டும் போயிற்று. டொக் டொக். இருக்கட்டும், அப்புறம் பேசலாம், அவளைப் பார்க்கத்தானே இந்த லைனில் இருக்கிறேன், லால்குடிப் பெண் இதோ வந்துவிடுவாள். டொக் டொக். ஆனால் ஆதிரை ஜன்னலில் உட்கார்ந்துவிட்டாளோ? நாளைக்கு என்பதை இன்றைக்கு என்று எண்ணி, தாத்தா இன்னும் வரவில்லை என்று அழுகிறாளோ? அவளுக்கும் நாள் குழம்பியிருக்கலாம், என் பேத்திதானே. அழுகிற குழந்தையின் ஃபோனை எடுக்காமல் ஓர் இருக்கைக்காகக் காத்திருக்கிறேன். டொக். விரல் தானாகப் போயிற்று. இரைச்சல் நின்றது.

"தாத்தா!" அழவில்லை. "சொல்லு பாப்பா." என் குரல் தயாராக இருந்தது, தாத்தா எப்படியும் வந்துடுவேன் என்று சொல்ல, அல்லது தாத்தாவால வரமுடியல என்று சொல்ல, எது முதலில் வருமோ அது. "பாட்டிகிட்ட குடு." "பாட்டி வீட்ல இருக்கா கண்ணு." "அப்ப நீ எங்க இருக்க?" "பஸ்ல." "பஸ்லயா? எங்க போற?" அவள் விளையாடவில்லை, சோதிக்கவில்லை. நிஜமாகவே தெரியாமல், தெரிந்துகொள்ளக்கூட அவசரமில்லாமல் கேட்டாள். "தாத்தா, என் பொட்டிக்கு நாலு சக்கரம். தள்ளவே வேணாம், தொட்டாலே தானா போவுது. அத பாட்டிகிட்ட சொல்லணும்." "நான் சொல்லிடறேன்டா." "நீ சொல்லாத. நான்தான் சொல்லணும்." "சரி." "எங்க போறன்னு கேட்டேன்ல?" ஜன்னலுக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்க் போயிற்று, ஒரு கல்யாண மண்டபம் போயிற்று. "சும்மா. மெட்ராஸ் வரைக்கும்." "ஓ. சீக்கிரம் வீட்டுக்குப் போ தாத்தா. போய்ப் பாட்டிகிட்ட குடு. நாளைக்கு நாங்க போய்டுவோம், அப்புறம் ஃபோன் வேற மாதிரி ஆயிடும்னு அப்பா சொன்னாரு." "சரி பாப்பா." "டாட்டா." அவ்வளவுதான். அவள் அழுவாள், அழுதால் என்ன சொல்வது என்று பொங்கலிலிருந்து எத்தனை சமாதானங்கள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் செலவாகவில்லை. அந்த ஜன்னலில் யாரும் இல்லை. யார் மேல் கோபப்படுவது? குழந்தைக்கு ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது, அது தானாக நகர்கிறது, அதற்குப் பின்னால் வீடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறாள். நான் நினைத்த துக்கம் அவளுக்கு இல்லை என்றால் நல்லதுதானே, அதைத்தானே எல்லா சாமியிடமும் கேட்டேன். கேட்டது கிடைத்தவன் இப்படியா உட்கார்ந்திருப்பான்?

மறுபடி அவர்களைக் கூப்பிட்டால் மறுபடி ஐந்தை அழுத்தி, இந்தி கேட்டு, வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நின்றால் கிடைக்கலாம். லால்குடிப் பெண் சீட்டு இருக்கிறது போலத்தான் சொன்னாள். கிடைத்தால் நாளைக் காலை ஆதிரையைப் பார்ப்பேன், எனக்கு ஒரு காலை கிடைக்கும். ஆனால் ஃபோன் என்னோடு மும்பைக்கு வந்துவிடும், அவள் கேட்டபடி லோகாவிடம் கொடுக்க வீட்டில் ஃபோன் இருக்காது, கவுனைக் கொடுத்துப் பாட்டி தைத்தது என்று சொல்லலாம், அவள் கேட்டது அது இல்லை. கிடைக்கவில்லை என்றால் அதுவும் இல்லை, இதுவும் இல்லை. இவ்வளவு பெரிய கணக்கை நான் இதற்கு முன் போட்டதில்லை, அது போடுவதற்குள் முடிந்தும் போயிற்று. என்னிடம் அவள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. "கெடச்சுதா சார்?" என்றார் வெங்காயக்காரர். "லைன் கட்டாயிருச்சு," என்றேன். "நீங்களா கட் பண்ணீங்க? பாத்தேனே." "பேத்தி கூப்ட்டா." அவர் மஞ்சள் பையைத் தள்ளி வைத்து, நான் போவதற்கு முழங்காலை ஒதுக்கிக்கொண்டார், நான் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை.

திண்டிவனத்தில் இறங்கினேன். கண்டக்டர் படியிலிருந்து, "சார், மெட்ராஸ் டிக்கெட்டு சார் உங்களுது," என்று கத்தினார். கையைக் காட்டினேன், போகலாம் என்று. அது பழக்கத்தில் வந்த கை, வண்டி கிளம்பலாம் என்று காட்டும் கை, டிரைவர் கிளப்பிவிட்டார். சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். சென்னைக்குப் போகிற பக்கம் வண்டி மேல் வண்டியாக நின்றது, ஒவ்வொன்றிலும் படிவரைக்கும் ஆட்கள். எங்கள் பக்கம் வெறிச்சென்று இருந்தது. திருச்சி வண்டி வந்து எனக்காக மட்டும் நின்றது. உள்ளே டிரைவருக்குப் பின்னால் ஒரு கிழவரும், நடுவில் தூங்குகிற ஒரு பெண்ணும்தான். "எங்க வேணா உக்காருங்க சார், எல்லாம் காலிதான்," என்றார் கண்டக்டர். எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நின்றேன். ஃபோனில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. சாயங்காலம் ஆதிரைக்கும் லோகாவுக்கும் பேச வேண்டும் என்று அணைத்துப் பைக்குள் வைத்தேன்.